2026–27 பராபவ வருடப் பஞ்சாங்கம்: முதல் நாலு பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

பஞ்சாங்கம் வாங்கும்போது பெரும்பாலோர் நடுப்பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். முகூர்த்த நாள் எத்தனை, நம் ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு பஞ்சாங்கம் தேறுமா தேறாதா என்று காட்டிக்கொடுப்பது அதன் முதல் நாலு பக்கம். கலியுகாதி, சகாப்தம், கலி தினம், மன்வந்தரம், கல்பம் என்று பிரம்மாவின் ஆயுசு வரை எண்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் பழைய பக்கத்தையே வருடா வருடம் அச்சுக்கு அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். அந்த எண்களைக் கவனமாகப் போடாதவர் உள்ளே திதி முடிவை மட்டும் கவனமாகப் போட்டிருப்பார் என்று நம்ப முகாந்திரம் இல்லை.

அச்சகத்தின் பெயர் சொல்லி மதிப்பெண் போடும் விமர்சனம் அல்ல இது. கடையில் கிடைப்பவை பழைய வாய்ப்பாட்டால் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம், இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கம், தினம் கிழிக்கும் காலண்டர், கைபேசி ஆப் என்று நாலு வகை. ஒவ்வொன்றும் காலக் கணக்கை எப்படிக் கையாளுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதுதான் இங்கே பேச்சு. கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனைகளாகப் பார்ப்போம்.

முதல் சோதனை கலி வருடம். ஆங்கில வருடத்தோடு 3101-ஐக் கூட்டினால் சித்திரை முதல் நாளன்று கழிந்த கலி வருடம் கிடைக்கும். 2026-க்கு 5127. கலி 3600 கழிந்தபோது தமக்கு வயது 23 என்று ஆரியபடர் சொல்லியிருப்பது பொ.ஆ. 499-ஐக் குறிப்பதால், இந்தக் கூட்டல் அங்கேயும் பொருந்துகிறது. சகாப்தத்தோடு, அதாவது சக வருடக் கணக்கின் எண்ணோடு, 3179-ஐக் கூட்டினாலும் அதே எண் வர வேண்டும்: 1948 + 3179 = 5127. வருடப் பெயருக்குக் கலியோடு 13-ஐக் கூட்டி 60-ஆல் வகுக்க வேண்டும். மீதி 1 என்றால் பிரபவ, 0 என்றால் அட்சய. 5140-ஐ 60-ஆல் வகுத்தால் மீதி 40. நாற்பதாவது பெயர் பராபவ. முன்பக்கத்தில் 5128 என்று இருந்தால் உடனே தள்ளிவிட வேண்டாம். சிலர் கழிந்த வருடத்தைப் போடுகிறார்கள், சிலர் நடக்கும் வருடத்தைப் போடுகிறார்கள். தலைப்பில் ‘சென்றது’ என்றோ ‘நிகழும்’ என்றோ சொல்லியிருக்க வேண்டும். கலி நடப்பு வருடமாகவும் சகம் கழிந்த வருடமாகவும் ஒரே வரியில் நின்றால், இரண்டு மூலத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது கலி தினம். இதுதான் எனக்குப் பிடித்த சோதனை, ஏனென்றால் இதில் மழுப்ப வழியே கிடையாது. கலியுகம் தொடங்கியதாகக் கொள்ளும் நாள் பொ.ஆ.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அங்கிருந்து ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டே வந்தால், 2026 ஏப்ரல் 14 சூரிய உதயத்தில் கழிந்த நாட்கள் 18,72,679. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 4. வெள்ளியை 0 என்று வைத்து எண்ணினால் 4 என்பது செவ்வாய். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான். நடக்கும் நாளையும் சேர்த்து 18,72,680 என்று போட்டிருந்தால் வெள்ளியை 1 என்று வைத்து எண்ணிக்கொள்ளலாம்; அப்போதும் செவ்வாயில்தான் நிற்கும். இரண்டு வழியிலும் கிழமை ஒத்துவரவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடலாம். கலி தினமே போடாத பஞ்சாங்கங்களும் உண்டு. அது குற்றமில்லை, என் கணக்கில் ஒரு படி கீழே, அவ்வளவுதான்.

வருடப் பிறப்பு நேரத்தையும் இதோடு சோதித்துவிடலாம். வாக்கிய முறையில் ஒரு சூரிய வருடம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை (நாழிகை 24 நிமிடம்; அதில் அறுபதில் ஒன்று விநாடி, விநாடியில் அறுபதில் ஒன்று தற்பரை). ஆரியபடரின் அளவு இது. 5127-ஐ இதனால் பெருக்கி, அதிலிருந்து சோத்தியம் என்ற மாறாக் கழிவான 2 நாள் 8 நாழிகை 51 விநாடி 15 தற்பரையைக் கழித்தால் 18,72,679 நாளும் 6 நாழிகை 27 விநாடியும் மிஞ்சும். அதாவது ஏப்ரல் 14 உதயத்திலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து மேஷ சங்கிரமணம், சூரியன் மேஷ ராசியில் நுழையும் கணம். அஸ்தமனத்துக்குள் சங்கிரமணம் நடந்துவிட்டால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ்நாட்டு வழக்கம். ஆகவே அன்றே சித்திரை 1. வாக்கியப் பஞ்சாங்கத்தில் வருடப் பிறப்பு இதற்குச் சில நிமிடம் முன்பின் இருந்தால் சரி. ஊர்த் திருத்தம் சேர்த்திருப்பார்கள். மணிக்கணக்கில் தள்ளிப் போயிருந்தால், அட்டையில் வாக்கியம் என்று போட்டுவிட்டு உள்ளே வேறு எங்கிருந்தோ எடுத்திருக்கிறார்கள்.

இனி பெரிய எண்கள். கிருதம் 17,28,000, திரேதம் 12,96,000, துவாபரம் 8,64,000, கலி 4,32,000, ஆக மகாயுகம் 43,20,000 வருடம் என்ற அட்டவணை எல்லாப் பஞ்சாங்கத்திலும் சரியாகவே இருக்கிறது. சறுக்குவது அதற்கு அடுத்த வரியில். ஒரு மன்வந்தரம் 71 மகாயுகம், அதாவது 30,67,20,000 வருடம். பதினாலு மன்வந்தரம் ஒரு கல்பம், கல்பத்துக்கு 432 கோடி என்று போட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள், 429 கோடியே 40 லட்சத்து 80 ஆயிரம்தான் வரும். மீதி 2 கோடியே 59 லட்சத்து 20 ஆயிரம் எங்கே போயிற்று? கல்பத்தின் தொடக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு மன்வந்தரத்தின் முடிவிலும் ஒன்று என்று 15 சந்திகள், அதாவது இடைக்காலங்கள், உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கிருதயுக நீளம். 15 × 17,28,000 சேர்ந்தால்தான் 6 மகாயுகக் குறை தீர்ந்து, கல்பம் சரியாக 1000 மகாயுகமாக நிரம்பும். சந்தியைக் குறிப்பிடாத அட்டவணை, கூட்டிப் பார்க்காமல் நகலெடுத்த அட்டவணை.

கல்பத்தில் இதுவரை கழிந்தது எவ்வளவு என்ற வரியில் இரண்டு வேறு எண்கள் புழங்குகின்றன, இரண்டுமே சரி. ஆறு மன்வந்தரம், ஏழு சந்தி, 27 மகாயுகம், 28-ஆவதில் மூன்று யுகம் என்று கூட்டினால் கலி தொடங்கும்போது 197 கோடியே 29 லட்சத்து 44 ஆயிரம். அதோடு 5127 சேர்த்தால் 197,29,49,127. வடநாட்டுப் பஞ்சாங்கங்களில் சிருஷ்டி ஆண்டு என்று 195 கோடிச் சொச்சம் இருக்கும்: 195,58,85,127. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம், பிரம்மா படைப்பை முடிக்க 47,400 தேவ வருடம், அதாவது 1,70,64,000 மனித வருடம் எடுத்துக்கொண்டார் என்று சொல்லி அதைக் கழித்துவிடுகிறது. கிரகங்கள் ஓடத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான் என்பது அதன் கணக்கு. ஆகவே தலைப்பில் ‘கல்பாதி’ என்று போட்டு 195 கோடியும், ‘சிருஷ்டியாதி’ என்று போட்டு 197 கோடியும் இருந்தால் தலைப்பு இடம் மாறிவிட்டது. வெகு சாதாரணமாகப் பார்க்கக்கூடிய பிழை இது.

இன்னொன்று, தேவ வருடத்தை இரண்டு தடவை பெருக்குவது. கலி 1200 தேவ வருடம், ஒரு தேவ வருடம் 360 மனித வருடம், ஆக 4,32,000. சில விளக்கப் பக்கங்களில் 4,32,000-ஐயே தேவ வருடம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி 360-ஆல் பெருக்கி வைத்திருக்கிறார்கள். பிரம்மாவின் நூறு வயது என்பது 31,104-க்குப் பின் பத்துச் சுழியம் போட்ட அளவு வருடம். சுழியத்தை எண்ணிப் பார்த்தாலே போதும், குளறுபடி தெரிந்துவிடும்.

முன்னுரையில் “பூமியின் வயது 450 கோடி என்று இன்று விஞ்ஞானம் சொல்வதை அன்றே 432 கோடி என்றார்கள்” என்ற வரி வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். 432 கோடி என்பது பிரம்மாவின் முழுப் பகல். அந்தப் பகலில் இன்னும் பாதி கூடத் தாண்டவில்லை. ஒப்பிட வேண்டுமானால் 197 கோடியை அல்லவா ஒப்பிட வேண்டும்? தன் அட்டவணையைத் தானே படிக்காதவர் எழுதிய முன்னுரை அது.

இத்தனை கோடியும் வெறும் பிரமிப்புக்காகப் போட்டதல்ல. பழைய கணிதத்தில் யுகம் ஒரு பொது வகுஎண். ஒரு மகாயுகத்தில் ஒவ்வொரு கிரகமும் இத்தனை முழுச் சுற்று என்று பின்னமில்லாமல் சொல்லிவிட்டால், எந்த நாளுக்கும் கிரகத்தின் மத்திய (சராசரி) நிலையை வெறும் பெருக்கல் வகுத்தலில் எடுத்துவிடலாம். ஆரியபடர் கணக்கில் சனிக்கு 1,46,564 சுற்று, குருவுக்கு 3,64,224. சூரிய சித்தாந்தத்தில் சனிக்கு 1,46,568, குருவுக்கு 3,64,220. 43,20,000-ஐ 1,46,564-ஆல் வகுத்தால் சனி ஒரு சுற்றுக்கு எடுப்பது 29.475 வருடம். இன்றைய அளவு சுமார் 29.457. வித்தியாசம் ஒரு சுற்றுக்கு ஆறு ஏழு நாள்தான். ஆனால் 499-லிருந்து சனி ஐம்பது சுற்றுக்கு மேல் போய்விட்டது. சூரிய வருட நீளத்தில் உள்ள சிறு மிகை இதில் ஒரு பங்கை ஈடுகட்டினாலும், வாக்கியச் சனி இன்று எட்டுப் பாகைக்கு (டிகிரிக்கு) மேல் பின்தங்கித்தான் நிற்கிறது. சனி பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும் வக்கிர கதியும் சேர்ந்துகொள்ள, பெயர்ச்சித் தேதி ஏறத்தாழ ஓராண்டு தள்ளிவிடுகிறது. 2023-ல் கும்பத்துக்குச் சனி வந்தது திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பரில். “எது சரி” என்று வருடா வருடம் எழும் சண்டைக்கு மூலம், யுகத்தில் எத்தனை சுற்று என்ற ஓர் எண்.

ஓர் இடைக்குறிப்பு. ஆரியபடர் நாலு யுகத்தையும் சமமாக 10,80,000 என்று பிரித்தவர். அவருக்கு மன்வந்தரம் 72 மகாயுகம், கல்பம் 1008 மகாயுகம். வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருட நீளம் அவருடையது, முன்பக்கத்து மன்வந்தரக் கணக்கோ புராணத்தையும் சூரிய சித்தாந்தத்தையும் சேர்ந்தது. ஒரே அட்டைக்குள் இரண்டு மரபு குடியிருக்கிறது. கலியின் தொடக்க நாள் இரண்டு மரபுக்கும் பொது என்பதால் தினசரிக் கணக்குக்கு இதனால் பாதகமில்லை. தொடக்கம் ஆரியபடீயத்தில் சூரிய உதயம், சூரிய சித்தாந்தத்தில் அதற்கு முந்தைய நள்ளிரவு என்ற பதினைந்து நாழிகைப் பேதம் மட்டும் உண்டு.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு வருவோம். வாய்ப்பாட்டை வைத்துக் கணிக்கும் முறை இது. சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், அதாவது நாளுக்கு ஒன்றாக அதன் இடத்தைச் சொல்லும் சிறு தொடர்கள். 248 நாளில் சந்திரன் தன் உச்சத்தை (பூமிக்கு மிகத் தொலைவான இடத்தை) ஒன்பது தடவை தொட்டுவிடும் என்பதுதான் அடிப்படை. கலி தினத்திலிருந்து 16,00,984-ஐக் கழி; மீதியை 12,372-ஆல் வகு; அதன் மீதியை 3031-ஆல் வகு; அதன் மீதியை 248-ஆல் வகு. கடைசியில் நிற்பது அன்றைக்கு எடுக்க வேண்டிய வாக்கியத்தின் எண். பராபவ வருடப் பிறப்புக்குச் செய்துபார்த்தால்: 18,72,679-லிருந்து கழித்தால் 2,71,695, 12,372 இருபத்தொரு தடவை போய் மீதி 11,883, 3031 மூன்று தடவை போய் மீதி 2790, 248 பதினோரு தடவை போய் மீதி 62. அறுபத்திரண்டாம் வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு வகுத்தலுக்கும் உரிய துருவத்தை, அதாவது அதற்கென்று குறித்துவைத்த பாகை அளவை, கூட்டினால் சந்திரன் நிற்கும் இடம் கிடைக்கும். கழிக்கும் 16,00,984 என்பது 1282-ஆம் வருடத்து நாள். இந்த முறை ஒழுங்குபட்ட காலத்தை அதுவே சொல்லிவிடுகிறது. புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளை வைத்தே 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை இந்தியக் காலக் கணக்கை ஆராய்ந்த ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. ஏடு புரட்டாமல், எழுதாமல் போட்ட கணக்கு!

வாக்கியத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சந்திரனுக்கு அதில் ஒரே திருத்தம், அதிகபட்சம் ஐந்து பாகை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது போதுமானது. கிரகணத்தைப் பார்த்துப் பார்த்தே அந்த அளவைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அஷ்டமியை ஒட்டியோ, சூரியனின் இழுப்பால் உண்மையான விலகல் ஏழரைப் பாகை வரை போகும். இரண்டரைப் பாகைப் பிழை என்றால் திதி முடிவில் ஐந்து மணி நேரம். ஆகவே இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் அமாவாசையைப் பார்த்துவிட்டு “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிடக் கூடாது. சப்தமி, அஷ்டமி, நவமியைப் பார்க்க வேண்டும். கிருஷ்ண ஜயந்தியும் ராம நவமியும் இரண்டு பஞ்சாங்கத்தில் இரண்டு நாளாக வரக்கூடிய இடம் அதுதான்.

அச்சுப் பிழை பிடிக்க ஒரு பழைய விதி இருக்கிறது: பாண விருத்தி, ரஸ க்ஷயம். வாக்கியத் திதி 60 நாழிகையிலிருந்து கூடினால் ஐந்து நாழிகை, குறைந்தால் ஆறு நாழிகை. அதாவது ஒரு திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65-ஐத் தாண்டாது. இன்றைக்குத் தசமி 23.14 என்றால் நாளைக்கு ஏகாதசி 17-க்கும் 28-க்கும் இடையில்தான் முடிய முடியும். 33.40 என்று போட்டிருந்தால் யாரோ 2-ஐ 3 ஆக்கிவிட்டார்கள். மட்டமான தாளில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் குழம்பிப்போவது சகஜம். ஒரு மாதத்தின் திதிப் பத்தியை மேலிருந்து கீழே இப்படி ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. திருக்கணிதத்துக்கு இந்த விதி செல்லாது. அங்கே திதி 50 நாழிகைக்கும் 67-க்கும் இடையில் எங்கும் நிற்கலாம்.

புதிதாக வாங்குகிறவர் தடுமாறுவது அந்த 23.14-ல்தான். அது மணியும் இல்லை, தசமமும் இல்லை. சூரிய உதயத்திலிருந்து 23 நாழிகை 14 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம், விநாடிக்கு 24 செகண்ட். 9 மணி 17 நிமிடம் 36 செகண்ட். உதயம் 6.05 என்றால் தசமி பிற்பகல் 3.22 வரை. உதயம் எத்தனை மணிக்கு என்று நேரடியாகப் போடாத பஞ்சாங்கத்தில் ‘அகஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். அது நாழிகைக் கணக்கில் பகலின் நீளம். 30-க்கு மேல் இருப்பதில் பாதியை ஆறு மணியிலிருந்து கழித்தால் உதயம். அகஸ் 31.10 என்றால் மிகை 1.10, பாதி 35 விநாடி, 14 நிமிடம். ஆக உதயம் 5.46. இது அந்தந்த ஊர்ச் சூரிய நேரம். கடிகார நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு உரியது. ஆகவே சென்னைக்கு ஏறத்தாழ 9 நிமிடமும் மதுரைக்கு 17½ நிமிடமும் கோவைக்கு 22 நிமிடமும் கூட்ட வேண்டும். இதற்கு மேல் சூரியனின் ஓட்டத்தால் பருவத்துக்குப் பருவம் 16 நிமிடம் வரை ஏறி இறங்கும். ராகு காலத்தை 7.30, 9.00 என்று உருட்டிப் போடும் அட்டவணைகள் உதயத்தை ஆறு மணி என்று வைத்துக்கொண்டு போட்டவை. ஊர்த் திருத்த அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத பஞ்சாங்கத்தைக் கோவைக்காரர் வாங்கி என்ன செய்வது?

திருக்கணிதத்தில் இந்தத் தொல்லை குறைவு. நேரம் கடிகார மணியிலேயே இருக்கும். கிரகநிலை இன்றைய வானியல் கணக்கோடு பொருந்தும். கிரகண நேரம் நிமிடத்துக்கு நிமிடம் நிற்கும். சென்னை வான் ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழியில் பஞ்சாங்கம் வெளியிட்டார். மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் அறிக்கை 1955-ல் வந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய சக நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. கொல்கத்தாவில் உள்ள அரசின் நிலைசார் வானியல் மையம் ராஷ்டிரிய பஞ்சாங்கத்தைத் தமிழ் உட்படப் பல மொழியில் வெளியிடுகிறது. எண்கள் நம்பகமானவை. ஆனால் சைத்ரம் 1 அதில் மார்ச் 22-ல் (லீப் வருடத்தில் 21-ல்) வரும். அதைச் சித்திரை 1 என்று நினைத்துவிடக் கூடாது. கந்தாயம், நவநாயகர் பலன் போன்ற ஜோதிடப் பலன்களை எதிர்பார்க்கிறவருக்கு அது சப்பென்று இருக்கும்.

தனியார் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டியது அயனாம்சம், அதாவது இன்றைய வானியல் நிலையிலிருந்து கழித்து நம் ராசிக் கணக்குக்குக் கொண்டுவரும் பாகை அளவு. சித்திரபட்சம் என்ற முறை என்றால் இப்போது 24 பாகை 13 கலையை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒன்று) ஒட்டி இருக்கும். எந்த அயனாம்சம் என்று முன்பக்கத்தில் சொல்லாத பஞ்சாங்கத்தை ஜாதகம் எழுத எடுக்கவே கூடாது. முன்பக்கம் என்னவோ கலியுகாதி, கல்பாதி என்று வாக்கியத்தைப் போலவே இருக்கும்; உள்ளே அந்த யுகச் சுற்றெண்களுக்கு வேலையே கிடையாது. திருக்கணிதக்காரருக்குக் கலி வருடம் பூஜைத் தொடக்கத்தில் சொல்லும் சங்கல்பத்துக்கும் மரபுக்கும் மட்டும்தான்.

தினம் கிழிக்கும் காலண்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுவரில் மாட்ட நல்லது. கலி தினம் இருக்காது, கலி வருடமே சிலவற்றில்தான். திதியை வாக்கியத்திலிருந்தும் கிரகணத்தைத் திருக்கணிதத்திலிருந்தும் எடுத்து, எதிலிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவது இந்த வகையின் தீராத வியாதி. சிராத்தத் திதிக்கு இதை மட்டும் நம்பாதீர்கள்.

ஆப்களில் கணிதம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, அமைப்பில்தான் கோளாறு. தமிழ்ப் பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொண்டு வருடப் பெயரை ஜனவரி 1-ல் மாற்றிவிடும் ஆப் உண்டு. வடநாட்டு சம்வத்சரத்தை, அதாவது அங்கத்திய வருடப் பெயரை, காட்டுவதும் உண்டு. அங்கே குரு ஒரு ராசியைச் சராசரியாகக் கடக்கும் 361 நாளை ஒரு வருடமாக எடுப்பதால் சுமார் 85 வருடத்துக்கு ஒரு பெயர் தாண்டிப்போகும். தெற்கே தாண்டுவதில்லை, அதனால்தான் பெயர் பதினாலு இடம் விலகி நிற்கிறது. சித்திரைக்குப் பின் ‘பராபவ’ என்று காட்டாத ஆப்பில் ‘தென்னிந்திய முறை’ என்ற தேர்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

அயனாம்சம் தப்பாக அமைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. திதியும் கரணமும் சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளி. அயனாம்சம் அதில் கழிந்துபோகும். நட்சத்திரத்தில் அது முழுதாக ஏறும். யோகம் இருவரின் கூட்டுத்தொகை என்பதால் அங்கே இரட்டிப்பாக ஏறும். நம்பகமான திருக்கணிதத்தோடு ஒப்பிடும்போது திதி நிமிடத்துக்கு நிமிடம் பொருந்தி, நட்சத்திரம் இரண்டே முக்கால் மணியும் யோகம் ஐந்து மணியும் தள்ளியிருந்தால் அயனாம்சம் ஒன்றரைப் பாகை மாறியிருக்கிறது. திதியே தள்ளியிருந்தால் நேர வலயத்தைப் பாருங்கள். உதயம் மட்டும் மூன்று நாலு நிமிடம் பேதப்பட்டால் கவலை வேண்டாம். சூரியனின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரிவதை உதயம் என்று ஒருவர் கொள்வார், நடுப்புள்ளி அடிவானத்தைத் தொடுவதை இன்னொருவர் கொள்வார்.

சங்கல்பப் பக்கம் எல்லா அச்சுப் பஞ்சாங்கத்திலும் உண்டு. “த்விதீய பரார்த்தே ச்வேத வராஹ கல்பே வைவஸ்வத மன்வந்தரே அஷ்டாவிம்சதிதமே கலியுகே ப்ரதமே பாதே” என்ற பகுதி யாருக்கும் மாறாது. கலியின் முதல் பாதம் 1,08,000 வருடம். இன்னும் 1,02,873 வருடத்துக்கு அந்த வரியைத் திருத்த வேண்டியதில்லை. மாற வேண்டியது அதற்குப் பின்னால்: சம்வத்சரம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். நல்ல பஞ்சாங்கத்தில் ‘பராபவ நாம ஸம்வத்ஸரே’ என்று புதுப்பித்திருப்பார்கள். சோம்பேறிப் பதிப்பில் போன வருடத்து ‘விசுவாவசு’ அப்படியே உட்கார்ந்திருக்கும். திதியும் நட்சத்திரமும் சங்கல்பம் செய்யும் நேரத்தில் நடப்பவையாக இருக்க வேண்டும். காலையில் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்ட திதியை, நாள் தலைப்பில் இருக்கிறதே என்று பதினோரு மணிக்கும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் நாழிகையை அந்த ஊர் உதயத்தோடு கூட்டினாலும் தப்பு. திதி முடிவு உலகம் முழுக்க ஒரே கணம். முதலில் இந்திய மணியாக மாற்றி, பிறகு அந்த ஊர் நேர வலயத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எதை வாங்குவது? வீட்டில் திவசமும் கோயிலில் உற்சவமும் வாக்கியப்படி நடக்கிறது என்றால் வாக்கியமே வாங்குங்கள். எட்டுப் பாகைப் பிழையைச் சொல்லி வாத்தியாரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. சனிப் பெயர்ச்சிக்கு ஊரே டிசம்பரில் போகும்போது நீங்கள் மட்டும் ஜனவரியில் போய் நிற்க முடியாது. ஜாதகம், கிரகணம், தசாபுக்தி என்று போகிறவருக்குத் திருக்கணிதம், சித்திரபட்ச அயனாம்சத்தோடு. இரண்டையும் வாங்கிவைத்துக்கொண்டு நல்ல நாள் எதில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே மோசமான வழக்கம். ஆப் கையில் இருக்கட்டும், அமைப்பைச் சரிசெய்த பிறகு.

காசு கொடுக்குமுன் கடைசியாக ஒன்று. பங்குனி மாதக் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். வாக்கியப்படி அடுத்த மேஷ சங்கிரமணம் 2027 ஏப்ரல் 14 உதயத்திலிருந்து ஏறத்தாழ 22 நாழிகையில், அஸ்தமனத்துக்குள். ஆகவே அன்றே பிலவங்க வருடச் சித்திரை 1, புதன்கிழமை, கலி தினம் 18,73,044. பராபவத்தின் கடைசித் தேதி ஏப்ரல் 13-ல் முடிந்திருக்க வேண்டும்.